மலைக்கோட்டையை ஆண்ட சந்தா சாகிப்

திருச்சியில் படித்த நம்மில் மலைக்கோட்டை ஏறாதவர் யாரும் இருக்க முடியாது. பிள்ளையாரைக் கும்பிட்டு, மேலே காற்று வாங்கி, கீழே வந்து டிபன் சாப்பிட்டுவிட்டு ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிவிடுவோம். அந்தக் கோட்டைக்காக வாழ்நாள் முழுக்க அலைந்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஆற்காடு நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப். நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் 1732-ல் வாரிசில்லாமல் இறந்தார். (ஸ்ரீரங்கம் கோயிலில் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் சிலை இருக்கிறதே, அவரேதான்.) ராணி மீனாட்சிக்கும் பங்காரு திருமலைக்கும் பட்டத்துக்குப் போட்டி. ராணி சந்தா சாகிப்பின் துணையை நாடினார். அவர் குர்ஆன் மீது சத்தியம் செய்தாராம்; துணிக்குள் இருந்தது வெறும் செங்கல்லாம். இது செவிவழிக் கதை. எப்படியோ, 1736-ல் கோட்டை அவர் கைக்கு வந்தது. ராணி விஷம் குடித்து இறந்ததாகச் சொல்வார்கள்.

ஆட்சி ஐந்து வருஷம்கூட நிலைக்கவில்லை. 1740-ல் மாமனார் மராட்டியரோடு நடந்த போரில் மாண்டார். சந்தா சாகிப்பின் மனைவியும் மகன் ராசா சாகிப்பும் புதுச்சேரியில் அடைக்கலம். பிரெஞ்சு கவர்னர் டூமா அவர்களை மராட்டியரிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டார். உதவிக்குப் படையோடு வந்த சகோதரர் படா சாகிப் போரில் இறந்தார். 1741 மார்ச்சில் கோட்டை விழுந்தது. பிறகு ஏழு வருஷம் சதாராவில் சிறை.

டூப்ளே உதவியால் விடுதலையாகி, 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வாருதீனை வீழ்த்தினார். அன்வாருதீன் மகன் முகமது அலி ஓடி ஒளிந்த இடம் எது? அதே திருச்சிக் கோட்டை! விட்ட இடத்தையே முற்றுகை போட வேண்டிய விதி. கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கவே, அதை மீட்க ராசா சாகிப் போய் 50 நாள் போராடித் தோற்றார்.

1752-ல் சந்தா சாகிப் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளும் பிரெஞ்சுப் படை ஜம்புகேஸ்வரத்திலும் ஒதுங்கினார்கள். என்னைக் கேட்டால் தப்புக் கணக்கு அங்கேதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு அரண் மாதிரித் தெரியும். சப்ளை நின்றால் அதுவே எலிப்பொறி. தெற்கே லாரன்ஸ், கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் கிளைவ். தானியம் வரும் வழியெல்லாம் அடைபட்டது. பசியில் படை கலைந்தது.

தஞ்சைத் தளபதி மானோஜி, பத்திரமாக அனுப்பிவைப்பதாக வாள்மீது சத்தியம் செய்தார். நம்பிப் போனார் சந்தா சாகிப். கைதி யாருக்கு என்று முகமது அலி, மைசூர்க்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் போட்டி போட, மானோஜி ஜூனில் தலையை வெட்டச் செய்தார். ஒட்டகத்தின் கழுத்தில் கட்டப்பட்ட அந்தத் தலை, கோட்டைச் சுவரை ஐந்து முறை சுற்றி வந்ததாம்.

ராசா சாகிப்பை நவாப் என்று டூப்ளே அறிவித்தும் பலனில்லை. ஜெயித்த முகமது அலி 1795-ல் சென்னையில் இறந்தார். உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். மதுரை ரோடு நத்தர்வலி தர்காவில்தான் அவர் சமாதி. சந்தா சாகிப்புக்கும் அங்கேதான்.