மாவுப்புழு காட்டிய மறைபொருள்: நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார்

ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே காய்ச்சல் காண்கிறது. தங்கை நாலைந்து நாளில் எழுந்து நடமாடுகிறாள். அண்ணனோ மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடக்கிறான். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகை உலுக்கியபோது இத்தகைய காட்சிகளைப் பல நாட்டு மருத்துவர்களும் கண்டார்கள். நோய் தொற்றியவர்களில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒத்த அளவில் இருந்தனர். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர்களிலும் மாண்டவர்களிலும் ஆண்களே மிகுதி. புகைபிடித்தல், பழைய நோய்கள், காலம் தாழ்த்தி மருத்துவரை நாடுதல் ஆகியவை இதற்குக் காரணங்கள்தாம். எனினும் இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு வேறுபாடு மிஞ்சி நின்றது.

அந்த மிச்சத்திற்கு விடை தேடிப் போனால் நாம் ஒரு சிறிய வண்டின் உயிரணுவுக்குள் போய்ச் சேருவோம். ஆணின் உயிரணுவும் பெண்ணின் உயிரணுவும் அமைப்பிலேயே வேறானவை என்பதை அங்கே தெளிவாகக் கண்டு சொன்னவர் ஒரு தச்சரின் மகள். கொரோனா வருவதற்கு நூற்றெட்டு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன நெட்டி மரியா ஸ்டீவன்ஸ் அம்மையாரே அவர்.

தச்சர் மகள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் நெட்டி பிறந்தார். தந்தை எப்ரைம் ஸ்டீவன்ஸ் தச்சு வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். நெட்டி சிறு குழந்தையாக இருந்தபோதே தாய் காலமானார். தந்தை மறுமணம் செய்துகொண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்ஃபோர்டு ஊரில் குடியேறினார். வசதி மிக்க குடும்பம் அன்று. ஆயினும் பெண்மக்களின் படிப்பைத் தந்தை நிறுத்தவில்லை. பெண்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதே அரிதாக இருந்த அந்நாளில், நெட்டி 1880இல் வெஸ்ட்ஃபோர்டு பள்ளியில் தேறி வெளிவந்தார்.

அன்றைய பெண்ணுக்கு எட்டக்கூடிய வேலைகள் ஆசிரியப் பணி, செவிலியர் பணி, எழுத்தர் பணி என்று இரண்டு மூன்றே. நெட்டி ஆசிரியரானார். சிறிது காலம் கற்பித்துப் பணம் சேர்த்தார். அதைக் கொண்டு வெஸ்ட்ஃபீல்டு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். நான்காண்டுப் பாடத்தை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். மீண்டும் ஆசிரியப் பணி. இடையில் நூலகர் பணி. இப்படியே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. கற்பித்த பாடங்களில் உடலியலும் விலங்கியலும் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டன. பிறர் எழுதிய பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதாது, தாமே இயற்கையைக் கேட்டறிய வேண்டும் என்ற வேட்கை வளர்ந்தது.

1896ஆம் ஆண்டில், தம் முப்பத்தைந்தாம் வயதில், கண்டத்தின் மறுகோடியில் கலிபோர்னியாவில் புதிதாகத் தோன்றியிருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவியாகச் சேர்ந்தார். 1899இல் இளங்கலைப் பட்டமும் 1900இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் பென்சில்வேனியாவிலுள்ள பிரின் மார் மகளிர் கல்லூரிக்கு வந்து ஆய்வில் இறங்கினார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் தாமஸ் ஹண்ட் மார்கன். இடையே உதவித்தொகை பெற்று இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் உயிரியல் நிலையத்திலும், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் தியோடர் போவரியிடமும் பயின்று திரும்பினார். 1903இல் டாக்டர் பட்டம் பெற்றபோது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது.

இருபதாவது குரோமோசோம்

குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் எதனால்? இக்கேள்வி மனித இனத்தைப்போலவே பழமையானது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வெப்பத்தைக் காரணம் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் கருவுக்குக் கிடைக்கும் உணவே அதைத் தீர்மானிக்கிறது என்று நம்பிய அறிஞர் பலர். 1891இல் ஹெர்மன் ஹென்கிங் ஒருவகைப் பூச்சியின் விந்தணுக்களில் பாதியில் மட்டும் ஒரு புதிரான உறுப்பைக் கண்டார். 1902இல் மக்ளங் அதனைப் பால்வேறுபாட்டோடு தொடர்புபடுத்தினார். ஆனால் தெளிவான சான்று கிட்டவில்லை.

ஸ்டீவன்ஸ் அம்மையார் எடுத்துக்கொண்டது சாதாரண மாவுப்புழு. மாவு மூட்டையில் நெளியும் இப்புழு வளர்ந்து கருநிற வண்டாகும். அந்த வண்டின் இனப்பெருக்க உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து, குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பெண் வண்டின் உயிரணுக்களில் இருபது பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆண் வண்டிலும் இருபதே. ஆனால் பத்தொன்பது பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. விந்தணுக்களைப் பார்த்தார். அவற்றில் பாதி பத்துப் பெரிய குரோமோசோம்களையும், மறுபாதி ஒன்பது பெரியவற்றோடு அந்தச் சிறிய ஒன்றையும் தாங்கி நின்றன. கருமுட்டைகள் எல்லாவற்றிலும் பத்தும் பெரியவையே.

கணக்கு நேராகப் பொருந்திற்று. சிறிய குரோமோசோமைக் கொண்ட விந்தணு கலந்தால் ஆண். பெரியதைக் கொண்டது கலந்தால் பெண். இவ்வுண்மையை அம்மையார் 1905ஆம் ஆண்டு வெளியிட்டார். அதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்து எட்மண்ட் வில்சன் வேறு பூச்சிகளில் செய்த ஆய்வின் வழியே ஒத்த முடிவுக்கு வந்தார். எனினும் வில்சன் சுற்றுச்சூழலுக்கும் பங்கு உண்டோ என ஐயுற்ற காலத்தில், அம்மையார் குரோமோசோமின் பக்கம் உறுதியாக நின்றார். பிற்காலத்தில் பெரியது எக்ஸ் என்றும் சிறியது ஒய் என்றும் பெயர் பெற்றன. மனிதரில் ஆண்மையைத் தீர்மானிப்பது ஒய் குரோமோசோமே என்பது 1959இல் உறுதியாயிற்று.

இக்கண்டுபிடிப்பின் பொருளை நம் நாட்டார் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்ணாகவே பெறுகிறாள் என்று மருமகளைத் தூற்றிய வீடுகள் எத்தனை! அதன் பொருட்டு மறுதாரம் தேடியவர் எத்தனை பேர்! குழந்தையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையிடமிருந்து வரும் விந்தணு என்று 1905லேயே ஒரு வண்டு சொல்லிவிட்டது. அச்செய்தி இன்னும் போய்ச் சேராத வீடுகள் நம்மிடையே உண்டு.

அம்மையாரின் ஆய்வுக்காலம் குறுகியது. அதற்குள் நாற்பதுக்கு நெருங்கிய ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். பிரின் மார் கல்லூரி அவருக்கென ஓர் ஆய்வுப் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது. அதில் அமர்வதற்கு முன்னரே மார்பகப் புற்றுநோய் அவரைப் பற்றியது. 1912ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் பால்டிமோர் நகரில் தமது ஐம்பதாம் வயதில் காலமானார். குரோமோசோம் கோட்பாட்டைத் தொடக்கத்தில் ஐயுற்ற மார்கன், பழ ஈக்களை ஆராய்ந்து அதனை நிலைநாட்டி 1933இல் நோபல் பரிசு பெற்றார். பாடநூல்கள் பலவற்றில் அம்மையாரின் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

இரண்டு எக்ஸ், ஒரு எக்ஸ்

அந்தச் சிறிய வேறுபாட்டுக்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு? மனிதரின் எக்ஸ் குரோமோசோமில் ஏறத்தாழ எண்ணூறுக்கு மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. நோய் எதிர்ப்பாற்றலுக்கு இன்றியமையாதவை அவற்றுள் பல. ஒய் குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் மிகச் சில. ஆகவே எக்ஸில் ஒரு மரபணு பழுதானால் ஆணுக்கு மாற்று இல்லை. பெண்ணுக்கோ இன்னொரு பிரதி இருக்கிறது. பெண்ணின் உயிரணுக்களில் இரண்டு எக்ஸ்களுள் ஒன்று அடங்கி உறங்கிவிடுகிறது என்று 1961இல் மேரி லயன் அம்மையார் எடுத்துரைத்தார். ஓர் உயிரணுவில் உறங்குவது இன்னோர் உயிரணுவில் விழித்திருக்கும். ஆதலால் பழுதில்லாத பிரதி உடலில் ஏறக்குறைய பாதி உயிரணுக்களிலேனும் பணியாற்றும். உறங்கும் எக்ஸிலும் சில மரபணுக்கள் முழுதும் உறங்குவதில்லை.

அத்தகைய மரபணுக்களுள் ஒன்று டி.எல்.ஆர்.7. இது உயிரணுவின் காவற்காரன் போன்றது. வைரஸின் ஆர்.என்.ஏ. இழையை அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரான் என்னும் எதிர்ப்புப் பொருள் சுரக்கக் குரல் கொடுக்கும். 2020இல் நெதர்லாந்து நாட்டில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் கொரோனாவால் செயற்கை மூச்சுக்கருவியின் துணையை நாட நேர்ந்தது. அதுவரை நோயற்று வாழ்ந்தவர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் இருவர் உடன்பிறந்தோர். அவர்களுள் ஒருவர் மாண்டார். ஆராய்ந்தபோது நால்வரிடமும் டி.எல்.ஆர்.7 பழுதாகியிருந்தது. அம்மையார் வண்டில் கண்ட கணக்கு, மருத்துவமனைப் படுக்கையருகே மீண்டும் தலைகாட்டியது.

மரபணுவோடு ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பொதுவாக எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அதனைத் தணிக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் மிகுந்த ஆண்களுக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்டபின் எதிர்ப்பொருள் குறைவாகவே உண்டாயிற்று என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. அதைச் செய்தது அம்மையார் முதற்பட்டம் பெற்ற அதே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், சார்ஸ் வைரஸ் செலுத்தப்பட்ட எலிகளில் ஆண் எலிகளே மிகுதியாக மடிந்தன. சினைப்பையை அகற்றிய பெண் எலிகளும் பாதுகாப்பை இழந்து மடிந்தன.

ஆனால் இதைக் கொண்டு பெண்ணுடல் எந்நோய்க்கும் அஞ்சாதது என்று முடிவு கட்டிவிடலாகாது. கூர்மையான வாள் தன்னையும் வெட்டும். தன்னுடலையே தாக்கும் லூபஸ் என்னும் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பிறவியிலேயே இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்ட ஆண்களுக்கும் அந்நோய் பெண்களுக்கு நிகராக வருகிறது. கருவுற்ற காலத்திலோ தராசு வேறுபக்கம் சாய்கிறது. அசுத்த நீரால் பரவும் ஈ வகை மஞ்சட்காமாலை வைரஸ் மற்றவரைச் சில வாரம் வாட்டிவிட்டு அகலும். கருவுற்ற பெண்களில், கடைசி மூன்று மாதங்களில், ஐந்தில் ஒருவர் வரை உயிரைப் பறிக்கும். இக்கொடுமையை நம் நாட்டு மருத்துவர்கள் 1978இல் காஷ்மீரில் நேரிற் கண்டு பதிவு செய்தனர்.

ஹார்மோனைக் குறைத்தால் ஆண்கள் பிழைப்பார்களோ என்றும் சோதித்தார்கள். கொரோனா கண்ட ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மருந்து கொடுத்துச் செய்த ஓர் அமெரிக்கச் சோதனை 2022இல் வெளியாயிற்று, பயன் கிட்டவில்லை. இயற்கையின் முடிச்சு ஓர் இழையை இழுத்தால் அவிழ்வதன்று. மரபணு, ஹார்மோன், வயது, உணவு, வேலை, வறுமை எல்லாம் அதில் பின்னிக் கிடக்கின்றன.

இதிலிருந்து மருத்துவம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1977 முதல், கருவுறக்கூடிய வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்கலாகாது என்ற நெறி இருந்தது. 1993இல்தான், அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவச் சோதனைகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆண் வண்டையும் பெண் வண்டையும் தனித்தனியே எண்ணிப் பார்த்ததால் அல்லவா ஸ்டீவன்ஸ் அம்மையார் உண்மையைக் கண்டார்? இருவரையும் ஒன்றாகக் கலந்து எண்ணியிருந்தால் அந்தச் சிறிய குரோமோசோம் அவர் கண்ணுக்கு அகப்பட்டிருக்காது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு மருந்து, ஒரே அளவு தடுப்பூசி என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதற்கு முன் அவர் செய்ததுபோலத் தனித்தனியே எண்ண வேண்டும்.

அவர் படித்த வெஸ்ட்ஃபீல்டு ஆசிரியப் பள்ளி இன்று ஒரு பல்கலைக்கழகம். அங்கே 2017இல் திறக்கப்பட்ட அறிவியல் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் கல்லூரி மாணவ மாணவியருள், குடும்பத்துக்காக வேலைக்குப் போய்விட்டுக் காலங்கடந்து படிக்க வந்தோர் சிலர் உண்டு. வயதை எண்ணி வெட்கப்படுவோரும் உண்டு. அவர்கள் முப்பத்தைந்து வயதில் முதலாண்டு வகுப்பில் போய் அமர்ந்த அந்தத் தச்சர் மகளை நினைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை விலங்கியல் கூடத்தில் நுண்ணோக்கியைக் குனிந்து பார்க்கும்போது, எண்ணுவதற்குச் சோம்பாமலும் இருக்கட்டும்.