கற்காட்டு ஆராய்ச்சியாளர் ஃபாபர்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ளது புரோவான்சு. கோடையில் அங்கு மழை அருகும். மிஸ்திரால் என்னும் வடகாற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். உழவர் கைவிட்ட கற்காட்டை அந்நாட்டார் ‘ஹர்மாஸ்’ என்பர். அத்தகைய நிலம் ஒன்றை நெடுங்காலம் விரும்பி, தம் 55ஆம் அகவையில் பெற்றவர் ழான் ஆன்ரி ஃபாபர்.

அவர் 1823-இல் வறிய குடும்பத்திற் பிறந்தார். கார்சிகாத் தீவிலும் அவிஞோன் நகரிலும் ஆசிரியராய் இருந்தார். ஊதியமோ சிறிது, குடும்பமோ பெரிது. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து செஞ்சாயம் எடுக்கும் முறையைத் திருத்திப் பொருளீட்ட முயன்றார். அச்சாயத்தைச் செயற்கையாய் ஆக்கும் வழியைச் செருமானியர் கண்டறியவே, அம்முயற்சி வீணாயிற்று. மலர் கருவுறும் வகையைப் பெண்களுக்குக் கற்பித்தார் என்று சிலர் சினந்தனர். அதனால் அவர் ஆசிரியப் பணியையும் இழந்தார். ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடன் கொடுத்து உதவினார். பின்னர்ப் பள்ளி நூல்கள் எழுதி ஈட்டிய பொருளைக்கொண்டு, 1879-இல் செரீஞான் என்னும் ஊரில் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் கற்காட்டை வாங்கினார்.

பிறர் பயனற்றதென ஒதுக்கிய முட்செடிகளின் பூக்களில் இலைவெட்டித் தேனீ, மண்தோண்டும் குளவி, வண்டு, ஈ எனப் பல்வகை உயிர்கள் மொய்த்தன. இறந்த பூச்சியை ஊசியிற் குத்திப் பெயரெழுதி வைப்பதோடு ஃபாபர் அமைந்திலர். அது உயிரோடு என்ன செய்கிறது என்பதையே காண விழைந்தார்.

வோலூசெல்லா என்பது பூநாடும் ஈக்களுள் ஒன்று. இறகடித்தபடியே அந்தரத்தில் நிற்கவல்லது. மஞ்சட் பட்டைகளால் குளவிபோல் தோன்றும். குளவிக் கூட்டின் மேலுறையில் முட்டையிடும். குளவிபோல் வேடம் பூண்டு புகுந்து, குளவிக் குஞ்சுகளைத் தன் புழுக்களுக்கு இரையாக்கும் வஞ்சகி என்றே முன்னையோர் எண்ணினர். ஃபாபர் அதை அவ்வாறே நம்பிவிடவில்லை. குளவிக் கூட்டை அருகிருந்து நோக்கினார். வேறு புழுக்களை உள்ளே விட்டபோது குளவிகள் அவற்றைத் தாக்கின. இவ்வீயின் புழுவைத் தீண்டவில்லை. அப்புழு, குஞ்சு கிடந்த அறைக்குள் தலையை நுழைத்து மீண்டது. குஞ்சுக்கு ஊறு ஒன்றும் இல்லை! அறையின் அடியிற் கிடந்த கழிவையும், இறந்த குஞ்சுகளையும் உண்டு கூட்டைத் துப்புரவு செய்யும் தோட்டியே அது என உணர்ந்தார். பழிச்சொல் சுமந்த ஓர் ஈக்கு அவர் செய்த நீதி அது.

பரிணாமக் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்றிலர். அதனை அவருடைய குறை என்றே கூறல் வேண்டும். ஆயினும், அக்கொள்கை கண்ட டார்வினே அவருடைய கூர்ந்த நோக்கைப் போற்றினார்.

தாம் கண்டவற்றை 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். 1915 அக்டோபர் 11-இல் அக்கற்காட்டு வீட்டிலேயே உயிர்நீத்தார். வீடும் நிலமும் பின்னர் அருங்காட்சியகமாயின.