ரூபாபாய் பர்தூன்ஜி அம்மையார்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் ரண சிகிச்சைக்காகத் திருவண்ணாமலைக்குப் புறப்படுங்கால், கத்தியைக் காட்டிலும் மயக்க மருந்துக்கே அதிகம் அஞ்சுகிறார். மயங்கினவன் விழிக்காமற்போனால் என் செய்வது என்பது அவர் கவலை. அது பேதைமையன்று. அக்கவலையையே தம் வாழ்நாட் கடமையாக ஏற்ற ஒரு மாதரசியின் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

ரூபாபாய் அம்மையார் பார்ஸி வகுப்பினர். 1885-ல் ஹைதராபாத் வைத்தியப் பள்ளியில் சேர்ந்த ஐந்து பெண்களில் ஒருவர். 1889-ல் ஹக்கீம் பட்டம் பெற்றார். அங்கே டாக்டர் எட்வர்ட் லாரியிடம் குளோரோபாரம் கொடுக்கும் முறையைக் கற்றார். உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று வைத்திய உலகத்தார் பலர் அவரைப் போற்றுகின்றனர்.

அக்காலத்தில் குளோரோபாரத்தால் நேர்ந்த மரணங்கள் பெரும் பீதியை விளைத்திருந்தன. 1848-ல் இங்கிலாந்தில் கால் நகத்தை எடுத்துக்கொள்ள வந்த 15 வயதுப் பெண் ஒருத்தி சில நிமிஷங்களில் மாண்டாள். முதலில் நிற்பது சுவாசமா, இருதயமா என்று பண்டிதர்கள் வாதித்தனர். இதை ஆராய்வதற்காக நிஜாம் 1,000 பவுன் அளித்து, லண்டனிலிருந்து டாக்டர் லாடர் பிரன்டனை வரவழைத்தார். 1889-ல் நடந்த அந்த ஆராய்ச்சியில் அம்மையாரும் பங்குகொண்டார். சுவாசமே முதலில் நிற்கும். ஆகவே அதைக் கவனித்தாற் போதும் என்பது குழுவின் முடிவு.

அம்முடிவு பாதி உண்மையே. சுவாசத்தை இமைகொட்டாது கவனிக்கவேண்டும் என்ற பாடம் இன்றும் பொருந்தும். ஆனால் மயக்கம் ஆழமாகாத நிலையிலேயே இருதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்பதை 1911-ல் லெவி என்பார் காட்டினார். நாடியைப் புறக்கணித்தது பிழையென்பது தெளிவாயிற்று. பெரியோர் கூடி எடுத்த முடிவாயினும் சோதனைக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

அம்மையாரோ கற்றது போதுமென்று இருந்துவிடவில்லை. மருந்தின் தன்மையை அறிய பௌதிகமும் ரசாயனமும் வேண்டுமென்று, பல்லாண்டு ஊழியத்திற்குப் பின், 1909-ல் எடின்பரோ சென்று பயின்றார். 1917 வரை ஹைதராபாத் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து பணிபுரிந்தார்.

இன்று குளோரோபாரம் வழக்கொழிந்துவிட்டது. இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவை விரல் நுனியிலேயே காட்டும் கருவி வந்துவிட்டது. எனினும், கருவி காட்டுவதை உணர்ந்து அக்கணமே செயற்படும் மனிதர் அருகில் இருந்தாலன்றிப் பயனில்லை. தாலுகா ஆஸ்பத்திரிகளில் ரண வைத்தியர் ஒருவர் இருந்தாற் போதும் என்று அதிகாரிகள் எண்ணலாகாது. தலைமாட்டில் விழித்திருப்பவரும் இருந்தால்தான் நம் குடியானவரின் அச்சம் நீங்கும். அம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.