தாத்தாக்களுக்காகத் தாழ்ந்த படிகள்

குழந்தைகளே! உங்கள் வீட்டுத் தாத்தா மாடிப்படி ஏறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? நாலு படி ஏறியதும், கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்க நிற்பார். அந்தச் சிரமத்தை, 300 ஆண்டுகளுக்கு முன்பே புரிந்து கொண்ட கட்டடக் கலைஞர் ஒருவர் இருந்தார். அவர் தான் கிறிஸ்டோபர் ரென்.

இங்கிலாந்தில், 1632ம் ஆண்டு, அக்டோபர் 20ம் தேதி பிறந்தார் ரென். கணக்கில் புலி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியராகப் பணியாற்றினார். மூளையைப் பற்றி 1664ல் வெளிவந்த ஒரு மருத்துவ நூலுக்குப் படங்களும் வரைந்து கொடுத்தார்.

கடந்த, 1666ல் பெரும் தீயில் லண்டன் நகரம் எரிந்து போனது. 50க்கும் மேற்பட்ட தேவாலயங்களையும், புகழ்பெற்ற செயின்ட் பால் பேராலயத்தையும் புதிதாக எழுப்பும் பணி, ரென்னிடம் வந்தது.

அந்தக் காலத்தில், நாட்டுக்காகப் போரிட்ட வீரர்கள் பலர், வயதான பின் போக்கிடமின்றித் தவித்தனர். அவர்களுக்காக, மன்னர் இரண்டாம் சார்லஸ், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள செல்சீ என்ற இடத்தில் ஓர் இல்லம் கட்ட விரும்பினார். அதன் பெயர் ராயல் ஹாஸ்பிடல். முதியோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இடத்தையும், அன்று ஹாஸ்பிடல் என்றே அழைத்தனர். 1682ல் வேலை துவங்கியது.

அரண்மனை போலக் கட்டினாலும், அங்கு வாழப் போகும் கிழவர்களின் முழங்காலை ரென் மறக்கவில்லை. படிகளின் உயரத்தைக் குறைத்தார். கால்களை அதிகம் தூக்காமலே மேலே போகலாம். நீண்ட கூடங்களில், ஒவ்வொருவருக்கும் ஆறடிக்கு ஆறடி அளவில், மரத்தடுப்பு வைத்த தனி அறை அமைத்தார். சிறியது தான், ஆனாலும், 'என் அறை' என்று சொல்லிக் கொள்ள ஓர் இடம் கிடைத்தது.

மன்னர், 1685லேயே இறந்து விட்டார். 1692ல் இல்லம் திறக்கப்பட்டு, 476 முதியவர்கள் குடியேறினர்.

ரென்னுக்கும் முதுமை வந்தது. பேராலய வேலையைப் பார்வையிட, கூடையில் அமர்ந்து மேலே போவாராம். 1718ல், 85 வயதில், அரசுப் பதவியிலிருந்து அவரை நீக்கி விட்டனர். முதியவர்களை மதித்தவருக்கு, முதுமையில் கிடைத்த பரிசு அது! 1723ல், 90 வயதில் மறைந்தார்.

செல்சீ இல்லத்தில், முன்னாள் படைவீரர்கள் இன்றும் வாழ்கின்றனர். அந்தத் தாழ்ந்த படிகளும் இருக்கின்றன.

குழந்தைகளே, உங்களில் யாரேனும் நாளை பொறியாளராகி, மருத்துவமனை கட்டலாம். வரைபடம் போடும் முன், ஒரு தாத்தாவோடு மாடிப்படி ஏறிப் பாருங்கள்!