ஓவியத்திற்கு உயிர் தந்தவர்

ஓவியன் சுவரில் தீட்டிய மான், எத்துணை அழகுடையதாயினும், ஓரடியும் எடுத்து வையாது. அதனைத் துள்ளியோடச் செய்ய வேண்டுமாயின், அதன் ஒவ்வோர் அசைவையும் தனித்தனிப் படமாக வரைதல் வேண்டும். திரையில் விநாடிக்கு 24 படங்கள் தோன்றி மறைதலால், நம் கண் அவற்றைப் பிரித்தறியாது ஒரே ஓட்டமாகக் கொள்கின்றது. இயங்குசித்திரக் கலையின் நுட்பம் இதுவே. இக்கலையை முதலிற் கண்டவர் வால்ட் டிஸ்னி அல்லர். அவருக்கு முன்பே, 1914-ஆம் ஆண்டில், வின்சர் மக்கே என்பார் கெர்ட்டி என்னும் பழங்கால விலங்கைத் திரையில் உலவ விட்டார். ஆயினும், ஓரிருவர் செய்து காட்டிய விந்தையைப் பல நூற்றுவர் கூடிச் செய்யும் பெருந்தொழிலாக வளர்த்த பெருமை டிஸ்னியையே சாரும்.

அவர் 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் பிறந்தார். இளமையிற் சில ஆண்டுகள் மிசௌரி மாநிலத்து மார்சிலின் என்னும் சிற்றூரில், தந்தையாரின் பண்ணையிற் கழிந்தன. ஆடுமாடுகளையும் கோழிகளையும் படம் வரையும் பழக்கம் அங்கேதான் வேரூன்றிற்று. பின்னர்க் குடும்பம் கன்சாஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவராகிய வால்ட்டும் அண்ணன் ராயும் விடியுமுன் எழுந்து, பனியையும் பொருட்படுத்தாது, வீடுதோறும் செய்தித்தாள் வழங்கிய பின்னரே பள்ளிக்குச் சென்றனர். வகுப்பில் வால்ட் உறங்கி விழுந்ததில் வியப்பில்லை!

1919-இல் அவர் விளம்பரப் படங்கள் வரையும் நிலையமொன்றில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே அப் ஐவர்க்ஸ் என்னும் இளைஞரின் நட்பு கிட்டியது. இயங்குசித்திரம் வரையும் முறையை இவர்க்குக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இலர். பொது நூலகத்து நூலொன்றே ஆசானாயிற்று. 1922-இல் சொந்தமாக நிறுவிய படநிலையம், படங்களை வாங்கியோர் பணம் தராமையால் மறு ஆண்டே நொடித்தது. கையில் 40 டாலருடன் ஹாலிவுட் சென்ற டிஸ்னி, அண்ணன் ராயைத் துணைக்கொண்டு மீண்டும் தொழில் தொடங்கினார்.

1927-இல் அவர்கள் படைத்த ஆஸ்வால்ட் என்னும் முயல் நல்ல பெயர் ஈட்டியது. படமொன்றுக்குச் சற்றுக் கூடுதல் விலை கேட்கும் எண்ணத்தோடு 1928-இல் டிஸ்னி நியூயார்க் சென்றார். அங்கே இடி காத்திருந்தது. வணிகரான சார்லஸ் மின்ட்ஸ் விலையைக் குறைக்க முற்பட்டதோடு, டிஸ்னியிடம் வேலை செய்த ஓவியருட் பெரும்பாலோரைத் தம்பக்கம் சேர்த்துக்கொண்டும் விட்டார். ஒப்பந்தப்படி முயலின் உரிமையும் யூனிவர்சல் நிறுவனத்தினுடையதே. பிரியாது உடனிருந்தவருள் தலையாயவர் ஐவர்க்ஸே. அவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 படங்கள் வரைந்து மிக்கி என்னும் எலிக்கு உருத் தந்தார். முதல் இரு படங்களை வாங்குவார் இல்லை. அக்காலத்திற் பேசும்படம் புதுமையாகப் பரவி வந்தது. மூன்றாம் படத்தில் அசைவும் இசையும் இம்மியும் பிசகாது இயையுமாறு டிஸ்னி செய்தார். 1928 நவம்பர் 18-இல் நியூயார்க்கில் அப்படம் வெளிவந்ததும் எலி புகழ்பெற்றது. அதன் உரிமையை டிஸ்னி எவர்க்கும் விட்டுக்கொடுத்தாரில்லை.

படநிலையத்துள் வேலை படிப்படியாய் வகுக்கப்பட்டிருந்தது. தலைமை ஓவியர் ஓர் அசைவின் முதன்மையான நிலைகளை மட்டும் வரைவார். புதிதாய்ச் சேர்ந்தோர் இடைப்பட்ட படங்களை வரைந்து நிரப்புவர். பல்லாண்டு இடைப்படம் வரைந்து கைதேர்ந்தோரே மேனிலை எய்தினர். பெண்டிரோ, பெரும்பாலும் கண்ணாடி போன்ற தாளில் மைக்கோடு இழுத்து வண்ணம் பூசும் பகுதியிலேயே நிறுத்தப்பட்டனர். ஓவியராக உயரும் வழி அவருக்கு அரிதாகவே திறந்தது. ஓவியர்க்கு உடற்கூறும் அசைவும் கற்பிக்க 1932 முதல் டான் கிரகாம் என்னும் ஆசிரியரைக் கொண்டு வகுப்புகள் நடத்தப்பெற்றன.

இப்பயிற்சியின் துணிவில்தான் டிஸ்னி முழுநீளச் சித்திரப்படம் எடுக்க முனைந்தார். மனைவியும் அண்ணனும் தடுத்தனர். திரைத்துறையினர் பேதைமை என நகைத்தனர். செலவோ ஏறத்தாழ 15 இலட்சம் டாலராக வளர்ந்தது. பணம் தீர்ந்த வேளையில், முடிவுறாத படத்தையே வங்கி அலுவலர்க்குக் காட்டிக் கடன் பெற்றார். 1937 டிசம்பர் 21-இல் ‘ஸ்னோ ஒயிட்’ அரங்கேறிற்று. நகைக்க வந்தோரும் கண்கலங்கினர். வரைந்த பாவைக்காக மக்கள் அழுவர் என்பது அன்றுவரை எவரும் நம்பாத ஒன்று. 1939-இல் பெரிய ஆஸ்கர் சிலை ஒன்றும் சிறியவை ஏழும் அவர்க்கு வழங்கப்பெற்றன.

எனினும், புகழின் உச்சியில் ஒரு பிணக்கு மூண்டது. ஐரோப்பியப் போரால் வருவாய் சுருங்கியது. ஊதியம் ஆளுக்கொரு வகையாக இருந்தது. உழைத்தோர் பலருடைய பெயர் திரையில் வருவதேயில்லை. சங்கம் சேர்ந்த ஆர்ட் பாபிட் என்னும் சிறந்த ஓவியர் நீக்கப்படவே, 1941 மே மாதத்தில் சில நூற்றுவர் வேலைநிறுத்தம் செய்தனர். டிஸ்னி அதனை நம்பிக்கைக் கேடென்றே கருதினார். படைத்தவன் கையினின்று படைப்புப் பறிபோகும் துயரை 1928-இல் தாமே நுகர்ந்த அவர், பெயரின்றி உழைத்தோரின் குறையை உணராமற் போனது வருந்தத்தக்கதே. அரசினர் இடைநின்று தீர்த்தபின் சங்கம் ஏற்கப்பட்டது. ஆயினும் பழைய அன்பு மீளவில்லை. வெளியேறிய ஓவியர் சிலர் பின்னர் யூ.பி.ஏ. என்னும் நிலையத்தில் வேறொரு புதுப்பாணியை வளர்த்தனர்.

1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவைத் திறந்த அவர், 1966 டிசம்பர் 15-இல் நுரையீரற் புற்றுநோயால் மறைந்தார். அப்போது ஓவியர்கள் வரைந்துகொண்டிருந்த ‘ஜங்கிள் புக்’ மறு ஆண்டு வெளிவந்தது. 1928-இல் கைவிட்டுப்போன முயலின் உரிமையை அவர் நிறுவனத்தார் 2006-இல் திரும்பப் பெற்றனர்.