மூளை நோய்க்கும் வைத்தியம் உண்டு என்று காட்டியவர்: டாக்டர் பி. ராமமூர்த்தி

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவில் இருக்கும். காலைப் பிரட்டில் நிற்கும்போதோ, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதோ ஒருவர் திடீரென்று கீழே விழுவார். கை கால் இழுக்கும். வாயில் நுரை தள்ளும். பக்கத்தில் இருப்பவர்கள் ஓடி வந்து ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். சற்று நேரத்தில் வலிப்பு தானாக நின்றுவிடும். இரும்புதான் நிறுத்தியது என்று எல்லாரும் நம்புவார்கள். அன்று மாலையே கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். விழுந்தது வயதுப் பெண்ணாக இருந்தால், விஷயம் லயத்தை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வார்கள்.

பேராக்கில் அந்தத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. நம்மவர்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் கம்பாருக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். ஆனால் மூளை நோய் என்றால் விதி, சாபம், குடும்பத்துக்கு இழுக்கு என்ற பயம் மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது. அந்தப் பயத்துக்கு எதிராக ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நின்று உழைத்த தமிழர் ஒருவரின் கதை இது.

சீர்காழியிலிருந்து மோன்ட்ரியல் வரை

பாலசுப்பிரமணியம் ராமமூர்த்தி 1922 ஜனவரி 30-ஆம் தேதி அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் சீர்காழியில் பிறந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் வந்து இறங்கிய நம் முன்னோர்களில் பலருக்குத் தஞ்சாவூர்ச் சீமைதான் பூர்வீகம். அவர்கள் இங்கே ரப்பர் மரம் வெட்டத் தொடங்கிய அதே காலத்தில் அங்கே பிறந்த பிள்ளை அவர்.

தந்தையார் அரசாங்க மருத்துவர். திருச்சியில் பள்ளிப் படிப்பை முடித்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் ராமமூர்த்தி. 1947-இல், இந்தியா சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், எடின்பரோவில் அறுவை மருத்துவத்துக்கான எஃப்.ஆர்.சி.எஸ். பட்டத்தைப் பெற்றார்.

அந்தப் பட்டத்தோடு ஊர் திரும்பியிருந்தால் வசதியான வாழ்க்கை காத்திருந்தது. அவர் தேர்ந்தெடுத்ததோ அன்று இந்தியாவில் கிட்டத்தட்ட யாருமே தொடாத துறை. மண்டை ஓட்டைத் திறந்தால் பிழைப்பது அரிது என்று மருத்துவர்களே நினைத்த காலம் அது. இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ரௌபோதம் என்ற மூளை அறுவை நிபுணரிடம் பயிற்சி பெற்றார். பிறகு கனடாவின் மோன்ட்ரியல் நகருக்குச் சென்று, வில்டர் பென்ஃபீல்டிடம் சில மாதங்கள் இருந்தார்.

பென்ஃபீல்டின் வேலையைப் பார்த்தது ராமமூர்த்திக்குப் பெரிய பாடம். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டால், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்து பார்க்கலாம். பென்ஃபீல்டு மெல்லிய மின்சாரத்தை மூளையின் மேல் தொடுவார். ஓர் இடத்தில் தொட்டால் நோயாளியின் கட்டை விரல் அசையும். இன்னோர் இடத்தில் தொட்டால் பேச்சு நின்றுவிடும். வலிப்பு கிளம்பும் இடம் எது, தொடக்கூடாத இடம் எது என்று இப்படித் தெரிந்துகொண்டுதான் கத்தியை எடுப்பார். மூளையின் எந்தப் பகுதி எந்த உறுப்பை ஆள்கிறது என்ற வரைபடம் உலகுக்குக் கிடைத்ததில் இந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு தொடக்கம்

1950 அக்டோபரில் மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவை ராமமூர்த்தி தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியிருந்தார். இவர்கள் இருவரோடு டாக்டர் பல்தேவ் சிங், டாக்டர் எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து 1951-இல் மதராஸில் இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தார்கள். அத்தனை பெரிய நாட்டில் ஒரு துறைக்கான சங்கம் நான்கே பேரோடு தொடங்கியது.

மதராஸ் பிரிவு தனவான்களுக்காக இயங்கிய தனியார் மருத்துவமனை அல்ல. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் விவசாயக் கூலியும் மூட்டை தூக்குபவரும்தான் அங்கே படுக்கையில் இருந்தவர்கள். அவர்களின் வைத்தியச் செலவும், மருத்துவர்களின் சம்பளமும், அங்கே நடந்த ஆராய்ச்சியும் மக்களின் வரிப்பணத்தில் நடந்தன.

அந்த ஆராய்ச்சி எதற்கு உதவியது என்பதற்குக் காசநோய் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை, மூளைக்குள்ளும் கட்டியாக வளரும். மேல்நாட்டுப் புத்தகங்களில் அது அரிதான நோய். மதராஸ் வார்டில் அது அடிக்கடி வந்தது. அந்தக் கட்டிகளைக் கண்டறிவது பற்றியும் அகற்றுவது பற்றியும் ராமமூர்த்தியும் உடனிருந்தவர்களும் எழுதிய கட்டுரைகள் வெளிநாட்டு மருத்துவ ஏடுகளில் வந்தன. ஏழைகளின் நோயை ஏழைகளின் ஊரிலேயே ஆராய வேண்டியிருந்தது.

மூளையைப் பார்ப்பது எப்படி?

இன்று தலையில் அடிபட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். சில நிமிட வேலை. ராமமூர்த்தி தொடங்கிய காலத்தில் அப்படி எதுவும் இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் மண்டை ஓடு தெரியும், மூளை தெரியாது. அதனால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, உள்ளே இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். காற்று மூளையின் அறைகளுக்குள் ஏறிய பிறகு படம் எடுப்பார்கள். நோயாளிக்குத் தலைவலி உயிர் போகும். இல்லாவிட்டால் கழுத்து ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். அறைகள் ஒதுங்கியிருப்பதையும் ரத்தக்குழாய் வளைந்திருப்பதையும் வைத்து, கட்டி எங்கே இருக்கிறது என்று ஊகிப்பதுதான் திறமை.

1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையை சி.டி. இயந்திரம் படம் எடுத்தது. அதே 1971-இல் இன்னொரு தமிழ் விஞ்ஞானியான ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு கணித முறையை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து உள்ளே இருப்பதை விரைவாகக் கணக்கிட்டு உருவாக்கும் வழி அது. பிற்காலத்து சி.டி. இயந்திரங்கள் அந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டன. நாம் ஸ்கேன் எடுக்கப் படுக்கும்போது அதில் ஒரு தமிழரின் கணக்கும் இருக்கிறது.

மின்சாரம் காட்டிய வழி

1960-களில் ராமமூர்த்தியின் குழு இன்னும் நுட்பமான வேலையில் இறங்கியது. டாக்டர்கள் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளியின் தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்துவார்கள். எக்ஸ்ரே படத்தை வைத்து மூளையின் ஆழத்தில் போய்ச் சேர வேண்டிய புள்ளியை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். பிறகு மண்டையில் சிறிய துளையிட்டு மெல்லிய கம்பியை இறக்குவார்கள்.

புள்ளி சரிதானா என்று எப்படித் தெரியும்? அங்கேதான் மின்சாரம் உதவியது. கம்பியின் நுனியில் லேசான மின்சாரத்தைச் செலுத்தி, விழித்திருக்கும் நோயாளியின் கையைக் கவனிப்பார்கள். நடுக்கத்தில் மாற்றம் தெரிந்தால் சரியான இடம். அதன் பிறகே அந்தச் சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்வார்கள்.

அந்தக் குழுவில் வளர்ந்த டாக்டர் கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். 1970-களிலேயே மின்முனையை மூளைக்குள் பொருத்தி வைக்கும் முயற்சியில் இந்தியாவில் முன்னோடியாக இருந்தவர். மூளையின் பகுதியை அழிப்பதற்குப் பதிலாக, மின்முனையை உள்ளே நிலையாக வைத்துத் தொடர்ந்து தூண்டும் சிகிச்சை இன்று பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பல நாடுகளில் அளிக்கப்படுகிறது. மலேசியாவிலும் செய்கிறார்கள்.

பேசாமல் விடக்கூடாத ஒரு பக்கம்

பெரியவர்களின் கதையில் நல்லதை மட்டும் சொல்லிப் போவது நம் வழக்கம். இங்கே அப்படிச் செய்வது சரியாகாது. இதே கருவியைக் கொண்டு அந்தக் குழு, மூர்க்கமாக நடந்துகொண்ட மனநோயாளிகளுக்கும் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளுக்கும் மூளையில் அறுவை செய்தது. அதற்கு அமைதிப்படுத்தும் அறுவை என்று பெயர் வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கானோருக்குச் செய்தார்கள். வீட்டில் கட்டி வைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் அமைதியானார்கள் என்று கட்டுரைகளும் எழுதினார்கள்.

வேறு மருந்து அதிகம் இல்லாத காலம், தவித்துப்போன பெற்றோர்கள். அதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் சம்மதம் கேட்க வழியில்லை. நடத்தையை மாற்ற மூளையை வெட்டலாமா என்ற கேள்வி 1970-களில் உலகம் முழுவதும் எழுந்தது. மனிதர்களை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதற்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல்தான் வெளியிட்டது. இப்போது இந்தியாவில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, நோயாளி தெரிந்து கொடுத்த சம்மதமும் வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் இப்படிப்பட்ட அறுவையைச் செய்ய முடியாது.

இலவசப் படுக்கையில் இருக்கும் ஏழைக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் பயன் எவ்வளவு முக்கியமோ, இதுவும் அவ்வளவு முக்கியம்.

விட்டுச் சென்றது

1970-களில் மதராஸ் பிரிவு நரம்பியல் கழகமாக வளர்ந்தது. மூளை சம்பந்தப்பட்ட எல்லாத் துறை மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். இந்திய அரசு ராமமூர்த்திக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. டாக்டர் பி.என். தாண்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த நரம்பியல் அறுவைப் பாடநூல் இந்திய மாணவர்களுக்கு அடிப்படை நூலானது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. அடையாறில் வி.எச்.எஸ். மருத்துவமனையின் டாக்டர் ஏ. லட்சுமிபதி நரம்பியல் அறுவை மையத்தில் தொடர்ந்து வைத்தியம் பார்த்தார். யோகம், மனித உணர்வு நிலை ஆகியவற்றை மூளையோடு சேர்த்து யோசிப்பதிலும் ஆர்வம் காட்டினார். 2003 டிசம்பர் 13-ஆம் தேதி சென்னையில், தமது 81-ஆவது வயதில் காலமானார்.

அவர் பெயரை அறியாத வீடுகளுக்கும் அவர் வாழ்நாள் வேலையில் ஒரு செய்தி இருக்கிறது. வலிப்பு சாபம் அல்ல, மூளையில் ஏற்படும் மின் கோளாறு. சரியான மருந்தும் கவனிப்பும் கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. யாராவது வலிப்பு வந்து விழுந்தால் சாவியைத் தேடாதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 999-ஐ அழையுங்கள்.

வீட்டில் யாருக்காவது வலிப்போ கை நடுக்கமோ இருந்தால் மறைத்து வைக்காமல் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். மீதிச் செலவை நம் எல்லாருடைய வரிப்பணமும் ஏற்கிறது. அது நமக்கு உரிய வைத்தியம். கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.