பால்வெட்டு முறையை வகுத்த ஹென்றி ரிட்லி

பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால். இந்தச் சொற்களை இன்றைய பிள்ளைகள் அறியாமல் இருக்கலாம். ஆனால் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டியின் அன்றாட வாழ்க்கை இவற்றுக்குள்தான் அடங்கியிருந்தது. அந்த ரப்பர் தோட்ட வாழ்க்கை உருவாகக் காரணமானவர்களில் முதன்மையானவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்னும் தாவரவியல் அறிஞர்.

1855 டிசம்பர் 10ஆம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிறந்த ரிட்லி, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரப் பிரிவில் வேலை பார்த்தார். 1888இல், சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்றழைக்கும் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநராக வந்து சேர்ந்தார்.

அவர் வருவதற்கு முன்பே அங்கே ரப்பர் மரங்கள் இருந்தன. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. மரங்கள் நன்றாக வளர்ந்தாலும் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவார் இல்லை.

காயப்படுத்தாத வெட்டு

பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். அடிக்கடி கொத்துப்பட்ட மரம் நலிந்துபோகும். ரிட்லி பல ஆண்டுகள் சோதித்து வேறொரு வழி கண்டார். மரத்தின் உள்கட்டையைத் தொடாமல் பட்டையை மட்டும் சாய்வாக, மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். அடுத்த முறை புதிதாக வெட்டாமல், அதே வெட்டின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் சீவினால் போதும், பால் மீண்டும் ஊறும். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்துவிடும். இந்த முறையில் ஒரே மரம் பல ஆண்டுகள் பால் கொடுத்தது.

முறை கிடைத்தும் பயிரிட ஆள் கிடைக்கவில்லை. தோட்ட முதலாளிகள் அப்போது காப்பியை நம்பியிருந்தார்கள். கன்று மரமாகிப் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க அவர்களுக்கு மனமில்லை. சட்டைப்பையில் விதைகளோடு அலைந்த ரிட்லியைப் பைத்தியக்காரர் என்றே கேலி செய்தார்கள். 1896இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் துணிந்து ரப்பர் பயிரிட்டார். பிறகு காப்பி விலை சரிந்ததும் மற்றவர்களும் ரப்பருக்கு மாறினார்கள்.

ரிட்லி சிங்கப்பூருக்கு வந்த அதே 1888இல்தான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. தொழிற்சாலைகள் ரப்பர் கேட்டு நின்றன. 1910இல் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1920களில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது.

மணியடித்தால் வேலை

இத்தனை மரங்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழக கிராமங்களுக்குப் போய்க் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி அழைத்து வந்தார்கள். ஊரில் மழையும் பருவமும் பார்த்து உழுதவர்கள், இங்கே மணிச்சத்தத்துக்கு எழுந்தார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே பெரட்டு. விளக்கு வெளிச்சத்தில் ஆளுக்குச் சில நூறு மரங்கள். பிறகு மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். பெண்களும் பால் வெட்டினார்கள். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருந்தார்கள். மழை பெய்தால் வெட்டு நின்றுவிடும். மலேரியாவுக்குப் பலியானவர்கள் ஏராளம்.

எங்கோ கார் விற்பனை குறைந்தாலும் அதன் அடி லயத்து அடுப்பில் விழுந்தது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ரிட்லி 1911இல் சிங்கப்பூரை விட்டுச் சென்றார். மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதி வெளியிட்டார். நூறு வயதைக் கடந்து, 1956 அக்டோபர் 24ஆம் தேதி கியூவில் காலமானார். அடுத்த ஆண்டு மலாயா சுதந்திரம் பெற்றது.

அவருடைய ஆய்வு நூலில் இருந்திருந்தால் ஒரு சொட்டுப் பாலும் வந்திராது. உளி சற்று ஆழமாகப் பதிந்தால் மரம் கெட்டுவிடும். மேலாகப் போனால் பால் வராது. அந்த அளவைக் கையால் அறிந்து, அரையிருட்டில் மரத்துக்கு மரம் தவறாமல் வெட்டியவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அவர்களைக் கூலி என்றே தோட்டக் கணக்கில் எழுதினார்கள். உண்மையில் அது கைத்தேர்ச்சி மிகுந்த தொழில். ரிட்லியின் பெயரைச் சொல்லும் இடமெல்லாம் அந்தக் கைகளையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.